மெரினா பக்கத்து வாத்தியார்



திருவல்லிக்கேணி என்றதும் பார்த்தசாரதி கோயில் நினைவுக்கு வரும், பாரதி வாழ்ந்த வீடு நினைவுக்கு வரும். அந்தப் பாரதியைச் சென்னைப் பத்திரிகை உலகுக்குக் கொண்டுவந்தவரைப் பற்றிப் பேச்சு எழுவது குறைவு. ஜி. சுப்பிரமணிய ஐயர், இந்தப் பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்.

1878இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். வெள்ளையர் பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி எழுதின. பதில் சொல்ல நம்மவர் கையில் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிவந்த ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். செப்டம்பர் 20ஆம் தேதி 80 பிரதிகள் அச்சாகி வந்தன. அதுதான் ‘தி ஹிந்து’. அந்த அறுவரில் ஒருவரான சுப்பிரமணிய ஐயர்தான் ஆசிரியர். அவருக்கு அப்போது வயது 23.

சர்க்காரோடு மல்லுக்கட்ட இங்கிலீஷ் போதும். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் இவரே. ஆனால் ஊராரோடு பேசத் தமிழ் வேண்டுமே. அந்தக் காங்கிரஸுக்கு மூன்று வருஷம் முன்பே, 1882இல், ‘சுதேசமித்திரன்’ என்று தமிழில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். என்னைக் கேட்டால், அவர் செய்ததில் பெரிய காரியம் இதுதான். துரைமாரைத் திட்டினால் ஊரார் கைதட்டுவார்கள். ஊராரையே கேள்வி கேட்டால்?

கேட்டார். அதுவும் வீட்டிலிருந்தே தொடங்கினார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதைப் பொய்யாக்கினார். சிறு வயதிலேயே விதவையாகிவிட்ட தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தபந்தம் ஒதுக்கிவைத்தது. அந்தக் காலத்தில் ஒதுக்கிவைப்பது என்றால் கல்யாணத்துக்கும் அழைப்பில்லை, திவசத்துக்கும் ஆள் வராது.

1898இல் ஹிந்துவை விட்டு விலகினார். மறு வருஷம் சுதேசமித்திரன் நாளிதழாயிற்று. 1904இல் மதுரையில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதியை உதவியாசிரியராகச் சேர்த்துக்கொண்டார். ருஷ்யாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. இங்கிலீஷில் வரும் சேதிகளை அன்றன்றைக்குத் தமிழாக்கித் தரவேண்டும். கவிஞருக்கு அலுப்பான வேலைதான். ஆனாலும் உலக அரசியலைத் தமிழில் எழுதும் கை அங்கேதான் பழகியது.

1908இல் ராஜத்துரோகம் என்று ஐயரைக் கைது செய்தார்கள். உடம்பெல்லாம் தோல்நோய் முற்றியிருந்த நேரம். நன்னடத்தைக்கு உறுதிமொழி எழுதித் தந்த பிறகே வெளியே வந்தார். பணிந்துவிட்டார் என்று பேசியவர்கள் உண்டு. வ.உ.சி. போன்றவர்கள் சிறைக்கொடுமையைத் தாங்கிய வருஷம் அது. ஆகவே அந்தப் பேச்சை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. ஆனால் நோயாளி ஒருவர் சிறையில் போட்ட ஒரு கையெழுத்தை, அதற்கு முன் முப்பது வருஷம் அவர் எழுதியதோடு ஒரே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெளியே வந்தபின் எட்டு வருஷம் நோயோடு போராடி, 1916 ஏப்ரலில் காலமானார்.