சதுரங்கம் பயில்வோரும் கணினியும்



சதுரங்கம் இந்திய நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவிய ஆட்டம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. அந்த ஆட்டத்தில் தமிழ்நாட்டு இளைஞர்கள் அடைந்துள்ள ஏற்றமும் தாங்கள் அறிந்ததே. 1988-ஆம் ஆண்டில் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில், சென்னை இளைஞர் குகேஷ், சீன நாட்டு டிங் லிரனை 7½-க்கு 6½ என்ற புள்ளிக்கணக்கில் வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றார். இச்செய்திகளைக் கேட்டு மகிழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நாகபுரியிலும் போபாலிலும் கௌஹாத்தியிலும் தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் பலகை வாங்கிக் கொடுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சென்னையில் வளரும் சிறுவன் நல்ல ஆசிரியர் ஒருவரைத் தன் பேட்டையிலேயே காணக்கூடும். மத்திய அரசிலோ, ரயில்வேயிலோ, வங்கியிலோ, ராணுவத்திலோ பணிபுரிவோரின் பிள்ளை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளியை மாற்றுகிறான்; அத்துடன் ஆசிரியரையும் இழக்கிறான். சில ஊர்களில் ஆசிரியர் கிடைப்பதே அரிது. எங்கே மாற்றலாகிச் சென்றாலும் பெட்டியோடு கூடவே வருவது கணினி ஒன்றுதான். அக்கணினியை ஆசிரியராகக் கொள்ளலாமா, கொண்டால் எந்த முறையில் கொள்வது என்பதே இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இவ்வியந்திரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1950-ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர், கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்யும் வழியை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆடக்கூடிய ஆட்டங்களின் தொகை, ஒன்றின் பின் 120 சுழிகள் இட்டால் வரும் எண்ணை ஒத்தது என அதில் மதிப்பிட்டு, அவை அனைத்தையும் கணக்கிட்டு முடித்தல் எந்த இயந்திரத்தாலும் ஆகாது என்று காட்டினார். அப்படியிருந்தும் 47 ஆண்டுகள் கழித்து, 1997 மே மாதம் நியூயார்க் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்ற கணினி, அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3½-க்கு 2½ என்ற கணக்கில் வென்றது. வினாடிக்கு ஏறக்குறைய 20 கோடி நிலைகளைச் சீர்தூக்கிப் பார்த்த பெரும் இயந்திரம் அது. இன்றோ, 'ஸ்டாக்ஃபிஷ்' என்ற மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசியிலேயே அது இயங்கும். உலகின் எந்த வீரரையும் விட வலுவாக ஆடும்.

இத்தகைய சாதனம் பயில்வோருக்கு மூன்று வகையில் துணை செய்கிறது. முதலாவது, அது ஒரு நூலகம். 1985-இல் காஸ்பரோவ், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எட்டுப் பேரை ஒரே சமயத்தில் எதிர்த்து ஆடித் தோல்வியுற்றார். 1987-இல் மீண்டும் அங்கு ஆடச் சென்றபோது, 'செஸ்பேஸ்' என்ற மென்பொருளின் உதவியால் எதிராளிகளின் பழைய ஆட்டங்களை முன்கூட்டியே ஆராய்ந்து சென்று, 7-க்கு 1 என்ற கணக்கில் வென்றார். அன்று உலகச் சாம்பியனுக்குக் கிட்டிய அந்த வசதி, இன்று சிற்றூர்ச் சிறுமிக்கும் கிட்டுகிறது.

இரண்டாவது, கணினி ஓர் ஆட்டத்தோழன். நள்ளிரவாயினும் சலிப்பின்றி ஆடும். ஆனால் வலிமையைக் குறைத்து ஆடச் சொன்னால், பல மென்பொருள்கள் பத்து நகர்த்தல்களைப் பிழையறச் செய்துவிட்டுத் திடீரென ஒரு காயைக் காரணமின்றித் தூக்கிக் கொடுத்துவிடும். மனிதர் பொதுவாக அப்படித் தவறுவதில்லை. இக்குறையை உணர்ந்து, மனிதர் ஆடிய ஆட்டங்களைக் கொண்டே பயிற்றப்பட்ட 'மையா' என்ற மென்பொருளை ஆராய்ச்சியாளர் 2020-இல் உருவாக்கினர். அது அந்தந்தத் தரத்து மனிதர் செய்யும் பிழைகளையே செய்ய முயல்கிறது. கற்பவருக்கு இத்தகைய எதிராளியே ஏற்றவர்.

மூன்றாவது, கணினி ஒரு தேர்வாளர். ஆடி முடித்த ஆட்டத்தை அதன்முன் வைத்தால், எந்த இடத்தில் தவறினோம் என்பதை நொடியில் காட்டிவிடும். மிகுந்த பயனும் மிகுந்த தீங்கும் ஒருங்கே இருப்பது இவ்விடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறேன். பலகையில் மூன்றே காய்கள் உள்ளன என்று கொள்ளுங்கள். நடுப்பகுதியில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று. அதற்கு நேர் முன்னே வெள்ளை அரசன் நான்காம் வரிசையில் நிற்கிறான். அவனுக்கு எதிரே, இடையில் ஒரே ஒரு கட்டம் விட்டு, கறுப்பு அரசன் நிற்கிறான். இப்போது நகர்த்த வேண்டியவர் வெள்ளையாயின் ஆட்டம் சமநிலையில் முடியும். கறுப்பாயின் வெள்ளைக்கே வெற்றி. காய்கள் அதே இடத்தில் இருக்க, முறை மட்டும் மாறுவதால் முடிவும் மாறுகிறது. கணினியைக் கேட்டால், முதல் நிலைக்குச் சுழியையும் இரண்டாவதற்கு ஒரு பெரிய எண்ணையும் காட்டும். ஏன் என்று சொல்லாது. வழிவிட்டு விலக வேண்டியவனுக்கு இழப்பு, எதிர்நின்று காப்பவனுக்கு ஆதாயம் என்ற கருத்தை, சிறுவன் அந்த அரசர்களைத் தன் கையால் பலமுறை நகர்த்திப் பார்த்துத்தான் உணர வேண்டும். உணர்ந்துவிட்டால் நூறு ஆட்டங்களில் அது அவனுக்குக் கை கொடுக்கும். எண்ணை மட்டும் பார்த்தவனுக்கு அந்த ஒரு நிலையின் விடை தெரியும். அடுத்த நிலையில் மீண்டும் கணினியையே நாட வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது புதிய பாடமன்று. அகராதி வேண்டியதே, அது இன்றி எங்கள் அலுவல் ஒரு நாளும் நடவாது. ஆயினும் வாக்கியத்தின் பொருளைத் தானே உன்னிப் பாராமல், சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்டுகிற மாணவன் எத்தனை ஆண்டு கடந்தாலும் மொழிபெயர்ப்பாளன் ஆவதில்லை. சதுரங்கத்திலும் நிலைமை அதுவே.

உளவியல் ஆய்வும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையை ஐந்து வினாடி மட்டும் காட்டி மறைத்தால், தேர்ந்த வீரர் அதிலுள்ள காய்களில் பெரும்பாலானவற்றை நினைவிலிருந்தே திரும்ப வைத்துவிட்டார். தொடக்கநிலையாளரால் சிலவற்றையே வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோதோ, இருவருக்குமிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே வீரரின் வலிமை வெறும் நினைவாற்றலன்று; பொருள் பொதிந்த அமைப்புகளாக உள்ளத்தில் சேர்ந்துள்ள செல்வம். அச்செல்வம் திரையில் ஓடும் விடைகளை வேடிக்கை பார்ப்பதால் சேருமென்று எனக்குத் தோன்றவில்லை.

குகேஷின் பயிற்சியே இதற்கு நல்ல சான்று. கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை, கணினியின் ஆய்வை நாடாமல், தம் சிந்தனையாலேயே கணக்கிடும் வழியில் அவரைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நடத்தினார் என்பது பலமுறை வெளியிடப்பட்ட செய்தி. பின்னர் அவரும் கணினியைப் பயன்படுத்தினார். இன்றைய உயர்நிலைப் போட்டிகளில் அது இன்றியமையாதது. ஆனால் அது வந்து சேர்ந்தது, தானே சிந்திக்கும் பழக்கம் வேரூன்றிய பிறகு.

எல்லாப் பிள்ளைகளும் அத்தனை ஆண்டுகள் கணினியை விலக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. ஆசிரியர் அருகில் இல்லாதவருக்கு அது இயலவும் இயலாது. வேண்டுவது வரிசைமுறை. ஆட்டம் முடிந்தவுடன் சிறுவன் ஒரு குறிப்பேட்டில் நகர்த்தல்களை எழுதி, எங்கே ஐயம் தோன்றியது, எந்த நகர்த்தலை எக்காரணத்தால் தேர்ந்தேன் என்பதைத் தன் சொற்களில் குறிக்கட்டும். அதன் பின்னரே கணினியைத் திறக்கட்டும். அது பிழையென்று காட்டும் இடத்தில் விடையை உடனே பாராமல், சில நிமிடங்கள் தானே வேறு வழி தேடட்டும். 'லிச்செஸ்' போன்ற கட்டணமற்ற இணையத்தளங்களில், பிழையைக் காட்டி, சரியானதைக் கண்டுபிடிக்குமாறு கேட்கும் ஏற்பாடும் உண்டு. இறுதியில், அப்பிழையிலிருந்து கற்றதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைக்கட்டும். ஒரு வாரம் கழித்து அதே நிலையைப் பலகையில் அமைத்து மீண்டும் முயலட்டும். நாளுக்கு ஓர் ஆட்டம் இவ்வாறு ஆராய்வது, பத்து ஆட்டங்களை விரைந்தாடி மறப்பதினும் மேலானது.

எங்களுக்கு ஆட்டமே தெரியாதே, நாங்கள் எவ்வாறு மேற்பார்ப்பது எனப் பெற்றோர் கேட்கலாம். ஆனந்தின் குடும்பம் தந்தையாரின் ரயில்வேப் பணியை ஒட்டி, 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தது. அங்கே பிற்பகலில் தொலைக்காட்சியில் சதுரங்கப் புதிர்கள் வரும். மகன் பள்ளியில் இருப்பான். அவருக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்த தாயார் அப்புதிர்களை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பர். அத்தாயாருக்கு ஆட்டம் தெரியும் என்பது உண்மையே. எனினும் அன்று அவர் செய்த பெரும்பணி விடை கூறுவதன்று. புதிரைக் காத்து வைத்து, உடன் அமர்ந்தது. ஆட்டம் அறியாதவரும் அதனைச் செய்யலாம். "இதை ஏன் நகர்த்தினாய்? எதிராளி அடுத்து என்ன செய்வான்?" என்ற இரண்டு கேள்விகளுக்குப் புலமை வேண்டியதில்லை. அவற்றைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே விடை பெற்றால், வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தாய்மொழியில் காரணங்கூறும் பயிற்சியும் கூடவே வாய்க்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டம் நடைபெறுகையில் கணினியின் உதவியை நாடுவது பொதுவாக விலக்கப்பட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளின்படி, அனுமதியின்றி மின்னணுக் கருவியைப் போட்டியரங்கில் உடன் வைத்திருந்தாலே ஆட்டத்தை இழக்க நேரும். வீட்டிலிருந்தபடி இணையத்தில் ஆடும் பிள்ளைக்கு அவ்வாறு காவல் நிற்பவர் எவருமில்லை. யாரும் காணாத இடத்திலும் விடையைத் திருடாதிருத்தல் இவ்வாட்டம் கற்பிக்கக்கூடிய பெரும் பாடங்களில் ஒன்று. அதை வீட்டில் பெரியோர்தாம் சொல்லித் தர வேண்டும்.

நூலகமாகவும் தோழனாகவும் தேர்வாளராகவும் கணினி விளங்கட்டும். சிந்திக்கும் பொறுப்பு மட்டும் பிள்ளையிடமே இருக்கட்டும். அடுத்த மாற்றல் உத்தரவு எந்த ஊருக்கு வந்தாலும், அந்தப் பழக்கம் அவனோடும் அவளோடும் கூடவே செல்லும்.