கணக்குத் தீர்க்கும் காலம்

(தவக்காலத்தை முன்னிட்டு முரசுமோட்டையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த குடும்பங்களும், அதே தோட்டங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்னால் வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களும் இன்று ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். கத்தோலிக்கரும் மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். நெற்றியில் திருநீறோடு வந்த சைவச் சகோதரர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன்.

சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கிவிட்டது. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடித்துப் பாடிய ஓலையைக் காயவைத்து, எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசினார்கள். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று அது நினைவூட்டுகிறது. திருநீறு பூசுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து எண்ணினால், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் நமக்குக் கிடைப்பது 40 நாள். செபம், நோன்பு, தர்மம் ஆகிய மூன்றும் அந்த நாட்களுக்குரிய கடமைகள். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்கிறோம். பலர் இறைச்சி மீன் சேர்ப்பதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் இந்த 40 நாளும் முரசுமோட்டையில் எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். மாசி, பங்குனி. பெரும்போக அறுவடை நடந்து, நெல் மூட்டை கட்டி, மெசினுக்கு எவ்வளவு, உரக்கடைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் நேரம். தவக்காலமும் கணக்குப் பார்க்கும் காலம்தான். வயல் கணக்கையும் ஆண்டவரோடுள்ள கணக்கையும் இரண்டு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். ஆண்டவர் பார்ப்பது ஒரே கொப்பியை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஒப்புரவு என்று சொல்கிறோம். பாவசங்கீர்த்தனத்துக்கு இன்று திருச்சபை வழங்கும் பெயரே ஒப்புரவு அருட்சாதனம். இது பழைய தமிழ்ச் சொல். திருக்குறளின் 22ஆம் அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்று பெயர். ஊரோடு ஒத்து வாழ்வதையும், தன்னிடம் உள்ளது ஊருக்குப் பயன்பட வாழ்வதையும் வள்ளுவர் அந்தச் சொல்லால் குறித்தார். அப்படிப்பட்டவனுடைய செல்வத்தை, ஊரார் தண்ணீர் எடுக்கும் குளம் நிரம்பியதற்கு ஒப்பிடுகிறார். இரணைமடு நிரம்பினால் இங்கே எத்தனை வீட்டில் அடுப்பெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டவரோடு ஒப்புரவாவதைச் சொல்ல இப்படி ஒரு சொல் வாய்த்தது நல்லதாயிற்று. ஊரை விட்டுவிட்டு ஆண்டவரிடம் மட்டும் சமாதானம் பேச அந்தச் சொல்லே இடம் கொடுக்காது.

இயேசுவும் அதைத்தான் போதித்தார். மத்தேயு 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். காணிக்கையோடு பீடத்துக்கு வந்துவிட்டாய். உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது அப்போது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு, பிறகு வந்து காணிக்கையைக் கொடு என்கிறார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவன்மேல் உனக்குக் கோபம் இருந்தால் என்று அவர் தொடங்கவில்லை. உன்மேல் அவனுக்கு முறைப்பாடு இருந்தால் என்றுதான் தொடங்குகிறார். யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

அவருக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே எசாயா இறைவாக்கினர் இன்னும் கடுமையாகப் பேசினார். அவருடைய நூலின் 58ஆம் அதிகாரம் பெரும்பாலும் நோன்பைப் பற்றியது. நாங்கள் உபவாசம் இருந்தோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று சனங்கள் ஆண்டவரிடம் கேட்கிறார்கள். நோன்பு நாளிலும் உங்களிடம் வேலை செய்பவர்களை ஒடுக்குகிறீர்களே என்று பதில் வருகிறது. அடிமைத்தளையை அவிழ்ப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே தாம் விரும்பும் நோன்பு என்கிறார் ஆண்டவர். யாக்கோபு தம் திருமுகத்தில், வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி, கடவுளின் காதில் விழும்படி கூக்குரலிடுகிறது என்று எழுதுகிறார். சங்கக் கூட்டத்தில் நாம் பேசுவது வேதத்துக்குப் புறம்பான பேச்சு என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு அதிகாரங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

திருச்சபையின் ஒழுங்கும் இதுவே. பாவத்துக்கு மனம் வருந்த வேண்டும், குருவிடம் அறிக்கையிட வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். மூன்றாவதைத்தான் நாம் சுருக்கிவிட்டோம். சில செபங்களைச் சொல்லி எழும்பிவிடுகிறோம். களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சீராக்குவதும் அந்தப் பரிகாரத்தில் அடங்கும். வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பிறகுதான், இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் இயேசு.

இப்போது நம்முடைய கொப்பியைத் திறப்போம்.

முதல் பக்கம் கூலி. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுவதும், நாள் முழுக்க மலையில் நின்ற பெண்ணுக்கு அரைப்பேர் போடுவதும் நமக்குப் பழகிய அநியாயங்கள். அவற்றை எதிர்த்துத்தான் சங்கம் கட்டினோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் தோட்டங்களில் 1984இல்தான் வந்தது. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர எத்தனை வருடம் கத்தினோம்! அப்படிப்பட்ட நாம் இங்கே வயலில் என்ன செய்கிறோம்? பல இடங்களில் களை பிடுங்கும் பெண்ணின் கூலி, பக்கத்தில் நிற்கும் ஆணின் கூலியை விடக் குறைவு. அரை ஏக்கர் சொந்தமாகக் கிடைத்ததும் நம்மில் சிலரும் அந்தக் கணக்கையே பார்க்கிறோம். தோட்டத்துரை செய்தால் சுரண்டல், நாம் செய்தால் ஊர் வழக்கமா?

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்துப் போட்டு வாங்குவது நெடுங்காலம் தோட்ட வழக்கமாக இருந்தது. அந்தப் பணத்தில் பாதி கசிப்புக் கடைக்குப் போன வீடுகள் உண்டு. 40 நாள் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிற தம்பிமாரை நான் பாராட்டுகிறேன். அந்த 40 நாளில் மிச்சமாகும் காசை யாருடைய கையில் கொடுப்பீர்கள்? அது மனைவி கைக்குப் போனால்தான் நோன்பு. உயிர்ப்பு ஞாயிறன்று ஒன்றாகக் குடிப்பதற்குச் சேர்த்து வைத்தால் அது வெறும் தவணை.

இரண்டாவது பக்கம் பெயர். இது நோகும். ஆனாலும் முரசுமோட்டையில் நின்றுகொண்டு பேசாமல் போக முடியாது.

நாம் எப்படி இங்கே வந்தோம்? 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில், நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பிரித்தன. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி. 1977இலும் 1983இலும் லயங்களுக்குத் தீ. உயிர் பிழைக்க வடக்கே வந்தோம். காடு வெட்டினோம், கிணறு வெட்டினோம். பலருக்குக் கிடைத்தது மேட்டுக்காணி. வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறாது. பெர்மிட்டுக்காக அலைந்தே ஒரு தலைமுறை கழிந்தது. பேசுவது ஒரே தமிழ். இருந்தும் வடக்கத்தையான் என்றார்கள், தோட்டக்காட்டான் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் காதிலும் அந்தச் சொல் விழுந்தது. கோயிலில் ஒரே அப்பத்தை வாங்கியவர்கள் கலியாணப் பேச்சு என்றதும் விலகிப் போனார்கள்.

அந்தப் பழக்கத்துக்கு மாறாக நடந்தவர்களையும் மறக்கக்கூடாது. 1977க்குப் பின் காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் நம் குடும்பங்களைக் குடியேற்றியது. அதை முன்னின்று நடத்திய வைத்தியர் இராஜசுந்தரம் சிறையிலடைக்கப்பட்டு, 1983 ஜூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். கண்டியில் 1972இல் சத்யோதயம் நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகக் கடைசிவரை பேசினார். இருவரும் நம் லயத்தில் பிறந்தவர்கள் இல்லை. கடன்பட்ட பக்கம் தம்முடையது என்று உணர்ந்து, வேலியைத் தாண்டி வந்தவர்கள்.

2009ஆம் வருடத் தவக்காலத்தையும் நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் சாம்பல் புதன் பெப்ரவரி 25. இந்தப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போன சனம் அப்போது மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் கடற்கரையில் நெருக்குண்டு கிடந்தது. பூசுவதற்குச் சாம்பலைத் தேடவேண்டியிருக்கவில்லை. அந்தப் பதுங்குகுழியில் யார் காணிக்காரர், யார் கூலிக்காரர், யாருடைய பாட்டன் எந்தத் தோட்டம் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு பானைக் கஞ்சியையும் பகிர்ந்தார்கள். பிறகு முகாம், பிறகு மீள்குடியேற்றம். வீட்டுக்கு முன்னால் வேலி எழும்பியது. வேலியோடு பழைய சொல்லும் திரும்பி வந்தது. சாவுக்கு முன் ஒன்றாயிருந்த நாம் வாழ்வுக்கு முன் பிரிந்து நிற்பது பெரிய பாவம். காணிக்காரக் குடும்பங்கள் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். நமக்குள்ளேயே சாதி பார்த்து, இன்னொரு லயத்து வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்களும் சொல்ல வேண்டும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். ஒப்புரவு என்றால், நமக்கு அநியாயம் செய்தவர்களை அப்படியே விட்டுவிட வேண்டுமா? இல்லை. மன்னிப்பது மனதிலுள்ள வெறுப்பை இறக்கி வைப்பது. உரிமையைக் கேட்பது வேறு. சம்பளப் பேச்சுவார்த்தையில் உறுதியாக நிற்பவன் துரையை வெறுக்கவேண்டியதில்லை. துரையை வெறுக்காதவன் சம்பளத்தை விட்டுக்கொடுக்கவேண்டியதுமில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவில் உட்கார்ந்த தாய்மாரைப் பார்த்து, தவக்காலம் வந்துவிட்டது, மறந்துவிடுங்கள் என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. உண்மையைச் சொல்லவேண்டியவர்கள் சொல்லட்டும். மன்னிப்பதா என்பதை அந்தத் தாய் ஆண்டவரோடு பேசிக்கொள்வாள். நமது வேலை அவள் பக்கத்தில் உட்காருவது.

கடைசியாக, இந்த 40 நாளில் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்.

ஒன்று, கொடுக்க வேண்டிய கூலி, திருப்பிக் கொடுக்காத கைமாற்று, சங்கச் சந்தாவில் விழுந்த துண்டு என்று எது பாக்கியிருந்தாலும் பெரிய வெள்ளிக்கு முன் தீருங்கள். முழுதாக முடியாவிட்டால் நேரில் போய்த் தவணை சொல்லுங்கள். ஒளிந்து திரியாதீர்கள். இரண்டு, வேலைநிறுத்தத்திலோ தேர்தலிலோ காணிச் சண்டையிலோ பேச்சு நின்றுபோன ஒரு வீட்டுக்குப் போங்கள். ஒரு வீடு போதும். மூன்று, பிள்ளைகள் காதுபட எந்தச் சனத்தையும் இழிபெயரால் சொல்வதில்லை என்று வீட்டில் தீர்மானியுங்கள். நோன்பு நாக்குக்கும் உண்டு.

இதையெல்லாம் முடித்தால்தான் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். சொத்தை அழித்துவிட்டு வந்த மகனின் கதை தெரியும்தானே. கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்கத்தான் அவன் வந்தான். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். மன்னிப்பு முந்திக்கொண்டு வருகிறது. அதை வாங்கியவனுக்குத்தான் பாக்கியைத் தீர்க்கத் தைரியம் பிறக்கும். அந்தக் கதையில் மூத்தவன் வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தான். தகப்பன் அவனையும் தேடி வெளியே வந்தார். தம்பியோடு சேராமல் அவனால் அந்த விருந்தில் உட்கார முடியாது.

சிலுவைப்பாதைக்கு நேரமாகிறது. போகிற வழியில், பேச்சு நின்றுபோன அந்த ஒரு வீட்டை நினைத்துக்கொண்டு நடப்போம். ஆண்டவர் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.