சிரட்டைக்கு வெளியே விழுந்த டீ

சொந்த வாழ்க்கையை மேடையில் நின்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஸ்டாண்ட்-அப் காமெடியில் இப்போது மஞ்சித் சர்க்கார் போன்ற தலித் கலைஞர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. பயமும் உண்டு.

எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குச் சிரட்டைதான். அப்பா அதை வீட்டில் சொல்லுவார்: "தீட்டுப் பட்டுருமேன்னு ஒரு முழம் தூக்கி ஊத்துவான். பாதி சிரட்டையில, பாதி அவன் கால்ல. தெனமும் சுட்டுக் குதிப்பான். ஆனா ஒருநாளும் தாழ்த்தி ஊத்தமாட்டான்." அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அதே கதையைக் கல்லூரி விடுதியில் நான் சொன்னேன். அங்கேயும் சிரித்தார்கள், கடைக்காரன் குதித்ததற்கு அல்ல. அப்பா குந்தியிருந்து சிரட்டையை நீட்டியதை நடித்துக் காட்டினேனே, அதற்கு. கைதட்டுகிறார்களே என்று இன்னும் கொஞ்சம் குனிந்து காட்டினேன். கதை ஒன்றுதான், சிரிப்பு மட்டும் ஆள் மாறிவிட்டது.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர், பாட்டி நடத்திய விபச்சார விடுதியில் வளர்ந்தவர். அந்த வாழ்க்கையையே மேடைக்குக் கொண்டுவந்தார். கறுப்பரை இழிவுசெய்யும் சொல்லை 1974இல் தன் இசைத்தட்டுக்கே தலைப்பில் வைத்தார். பிறகு கென்யா போனார். எங்கு பார்த்தாலும் கறுப்பர்கள். அந்தச் சொல்லுக்கு உரியவர் என்று ஒருவரும் அவர் கண்ணில் படவில்லை. இனி அதைச் சொல்லமாட்டேன் என்பதை, 1982இல் வெளிவந்த நிகழ்ச்சிப் படத்தில் மேடையிலேயே சொன்னார். நம் சாதிப் பெயரை வசவாக்கிச் சிரிப்பு மூட்டும் தமிழ் சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது முக்கியமான இடம். அந்தச் சொல்லை நாமே எடுத்துப் பேசினால் நஞ்சு இறங்கிவிடுமா? பிரையர் அப்படித்தான் நம்பினார், கொஞ்ச காலம்.

ஆஸ்திரேலியாவின் ஹன்னா கேட்ஸ்பி 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நானெட்'டில் வேறொன்று செய்தார். பேருந்து நிறுத்தத்தில் தன்னை ஒருவன் மிரட்டிய கதையை முதலில் வேடிக்கையாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது. பின்பாதியில், சிரிப்புக்காக வெட்டிய மீதியைச் சொன்னார்: அவன் திரும்பி வந்து அடித்தான்.

அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அப்பாவும் வெட்டித்தான் சொல்லியிருக்கிறார். அவர் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருந்தது. அடுப்பில் சுட்டது என்பார். அவர் இறந்த பிறகுதான் அம்மா சொன்னாள், சிரட்டைக்கு வெளியே போன டீ எல்லா நாளும் கடைக்காரன் காலில் விழவில்லை என்று.