சோலார் லைட் எரியலையா? முதல்ல வயரைப் பாருங்க!

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்திலே நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் சோலார் பற்றியவை. "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, பெட்டரி போயிருச்சு" என்று ஒரு தாயார் கேட்டார். "கரண்ட் போனா சோலாரும் நின்னுபோகுது, அப்ப என்னாத்துக்கு அது?" என்று ஒரு தம்பி கேட்டார். கடன்பட்டு வாங்கிய சாமான் சும்மா கிடந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

1977லும் 1983லும் நடந்த வன்செயல்களுக்குப் பின் நம்ம மலையகத்துச் சனம் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருக்கும் விசுவமடுவிலும் நம்ம உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். 1990க்குப் பிறகு யுத்த காலத்தில் வன்னியில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. டோர்ச் பெட்டரிகூடத் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. அங்கே ஒரு சோலார் தட்டு கையில் கிடைத்தால் அதைக் கண்ணைப்போல வைத்திருப்பார்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடம்பெயர்ந்த சனம், திரும்பி வந்து மறுபடி வீடு கட்டியது. இப்போது அங்கே கரண்ட் இருக்கிறது. ஆனாலும் கிணற்றடிப் பம்புக்கும் வீட்டு விளக்குக்கும் சோலார் வைத்திருப்பவர்கள் உண்டு.

போன வருஷம் நாங்கள் அங்கே போனபோது, சோலார் பூட்டும் தம்பி ஒருவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். நம்ம ஆக்களின் பேரப்பிள்ளைதான். அவர் சொன்னது இது: "ஐயா, பழுதுன்னு கூப்பிட்டா நான் சாமானைத் தொடமாட்டேன். மொதல்ல மீட்டரை எடுத்து மூணு எடத்துல வோல்ட் பார்ப்பேன்."

அந்த மூன்று இடத்தையும் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, தட்டு. பன்னிரண்டு வோல்ட் பெட்டரிக்கான சாதாரணத் தட்டின் வயரைக் கழற்றி, நல்ல வெயிலில் மீட்டர் வைத்தால் 20 வோல்ட் அளவில் காட்டவேண்டும். காட்டினால் தட்டில் பெரும்பாலும் குறையில்லை. ஆனால் வோல்ட் சரியாக இருந்தும் சார்ஜ் குறையலாம். ஒரு இலையோ காக்கை எச்சமோ ஒரு மூலையை மறைத்தாலே முழுத் தட்டின் வேலையும் குறைந்துபோகும். வன்னியில் புழுதி, நம்மிடம் பாசியும் மரநிழலும். வெறும் தண்ணீரும் துணியும் போதும், தேய்க்கும் பவுடர் வேண்டாம். இலங்கையில் தட்டு தெற்குப் பக்கம் பார்த்து, மழைத்தண்ணி வடியும் அளவுக்கு 10 பாகை சரிந்திருந்தால் நல்லது.

இரண்டாவது, பெட்டரி. காலையில் வெயில் ஏறுமுன், ஒன்றும் போடாமல் பாருங்கள். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் வெறுமை. மத்தியான வெயிலில் 13.5க்கு மேல் ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் தட்டிலிருந்து சார்ஜ் வந்து சேரவில்லை. ஈய அமிலப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். லொறிப் பெட்டரி மலிவு என்று வாங்காதீர்கள். அது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் செய்தது, இரவு முழுக்க லைட் எரிக்க அல்ல. தண்ணீர் ஊற்றும் பெட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே. பீலித் தண்ணி ஆகாது.

மூன்றாவது, லைட்டோ டீவியோ இருக்கும் இடம். பெட்டரியில் 12.4 இருந்து, டீவியடியில் 10.5 காட்டினால், கள்ளன் நடுவில் இருக்கிறான். ஒன்று மூட்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் வயர் மெல்லியது. ஒரு கணக்குச் சொல்கிறோம். பெட்டரியிலிருந்து டீவிக்கு 10 மீட்டர் தூரம். போக வர 20 மீட்டர் வயர். 5 அம்பியர் ஓடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரானால் ஏறக்குறைய 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். இரண்டரை மில்லிமீட்டர் வயரானால் 0.7 வோல்ட்தான் போகும். கரண்ட் லைனில் 230 வோல்ட், அதில் இந்த நட்டம் தெரியாது. பன்னிரண்டு வோல்ட்டில் அது கழுத்தைப் பிடிக்கும். வயரில் மிச்சம் பிடித்த காசைப் பெட்டரிக்குக் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்தது, கன்ட்ரோலர். "அது எரிஞ்சிருச்சு, நேரா கொடுத்துட்டோம்" என்று சிலர் சொல்கிறீர்கள். நேராகக் கொடுத்தால் பெட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும், தீப்பற்றும் வாயு வெளிவரும். புதுக் கன்ட்ரோலர் பூட்டும்போது முதலில் பெட்டரி, பிறகு தட்டு, கடைசியில் லைட். கழற்றும்போது முதலில் லைட், பிறகு தட்டு, கடைசியில் பெட்டரி. வெயிலில் தட்டு எப்போதும் உயிரோடு இருக்கும். ஆகவே வேலை செய்யுமுன் சாக்கால் மூடுங்கள்.

இனி முக்கியமானது. பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கவேண்டும். 12 வோல்ட் சாக் அடிக்காதுதான். ஆனால் வயர் இரண்டும் முட்டினால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், வயர் சிவந்து எரியும். நம்ம லயம் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ அந்தக் காம்பராவோடு நிற்காது. பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையிலும் நெருப்பு வைப்பது போல. பெட்டரியைப் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம். காற்றோட்டமான, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் கூரையில் ஏறவேண்டாம்.

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கூரையில் சோலார் இருந்தும் இருட்டில் இருந்த வீடுகள் எத்தனையோ! கரண்ட் லைனோடு சேர்த்த சோலார், லைன் நின்றால் தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. நிற்காவிட்டால், லைன் திருத்த ஏறியவரின் உயிர் போகும். ஆகவே அது பழுதல்ல. இருட்டுக்கு லைட் வேண்டுமென்றால் பெட்டரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: பெட்டரி உண்டா? வயர் எத்தனை மில்லிமீட்டர்? பியூஸ் எங்கே? பழுதானால் யார் வருவார்? பதிலை எழுதியே வாங்குங்கள்.

லயத்துக்கு ஒரு மீட்டர் போதும். நாலு குடும்பம் சேர்ந்தால் வாங்கலாம். ஆண்பிள்ளைதான் பார்க்கவேண்டும் என்று இல்லை. கொழுந்து நிறுவையைக் கண் தப்பாமல் பார்க்கும் நம்ம தாய்மாருக்கு மீட்டர் முள் பெரிய காரியமா? சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் குப்பி லாம்புப் புகையில் கண் எரியப் படித்த காலம் திரும்பி வரவேண்டாம். வீட்டுக்குப் போனதும் பெட்டரியடியில் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் நாளை பிரட்டு முடிந்ததும் நம்மிடம் வந்து சொல்லுங்கள், சேர்ந்து செய்வோம்.