நாலு வயசுப் பையனுக்கு என்ன வாங்குவது?



சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மெர்லிமாவிலோ ஜாசினிலோ ஒரு மலிவுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். விளையாட்டுச் சாமான் அடுக்கின் முன்னால் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் நின்றுகொண்டிருப்பார். ஏழரைக்குப் பிறந்தநாள் விருந்து. கேக் வெட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பையனுக்கு நாலு வயசா ஐந்து வயசா என்பதே அவருக்குச் சந்தேகம். கடைசியில், இருப்பதிலேயே பெரிய பெட்டியை இழுத்தெடுத்துக் கல்லாவுக்குப் போவார். உள்ளே சைரன் போடுகிற போலீஸ் கார் இருக்கும், அல்லது விளக்கெரிந்து கத்துகிற துப்பாக்கி இருக்கும். பெட்டி பெரிது, பொருள் சிறிது, பேட்டரிக்குத் தனிக் காசு.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விருந்து வீட்டில் பரிசு மேசை என்று ஒன்று இருக்கிறதே! பத்துப் பேர் வைத்த பரிசுகளுக்கு நடுவே நம்முடையது இளைத்துப்போய் உட்காரக் கூடாது என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. அதனால் பெட்டியின் அளவைப் பார்க்கிறோம். பாலர் பள்ளி வயதுப் பையனுக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறு: இதை வைத்துக்கொண்டு அவனுடைய இரண்டு கையும் என்ன செய்யும்? பட்டனை அமுக்குவதோடு கைக்கு வேலை முடிந்துவிடும் என்றால், அந்தப் பொருளை அடுக்கிலேயே திருப்பி வைத்துவிடலாம்.

கைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டில் நம் மலாக்கா மாநிலத்துக்கு ஒரு பழைய பாத்தியதை இருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் நட்டது மலாக்காவில்தான். தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சம் நட்டார். பிறகு புக்கிட் அசகான் பக்கம் போனார். அதைத் தொடர்ந்து தோட்டம் தோட்டமாகக் காடு வெட்டப்பட, கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்த மரம் கம்பெனிக்குப் பால் கொடுத்தது. லயத்துப் பையன்களுக்குக் கொட்டை கொடுத்தது.

ரப்பர் கொட்டை விளையாட்டுத் தெரிந்தவர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நல்ல வெயிலில் மரத்தின் மேலே காய் டப்பென்று வெடிக்கும். மூன்று கொட்டையும் ஆளுக்கொரு பக்கம் தெறிக்கும். பளபளப்பாக, பழுப்பு நிறத்தில் புள்ளி போட்ட கொட்டை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கி அடிப்பார்கள். எது உடைகிறதோ அது தோற்றது. உடையாத கொட்டை வைத்திருப்பவன் அந்த வாரம் முழுக்க லயத்துக்கு ராஜா. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைக்கும் குறும்பும் உண்டு. அதே கொட்டை பல்லாங்குழிக்கும் ஆகும், எண்ணிப் பழகவும் ஆகும். பச்சையாகத் தின்றால் மட்டும் விஷம். அதில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது.

இன்னும் என்னென்ன? மைலோ டின்னில் கயிறு கட்டினால் லோரி. அதே டின்னைக் கவிழ்த்துக் குச்சியால் தட்டினால் உறுமி. பாக்கு மட்டையில் ஒருவன் உட்கார இன்னொருவன் இழுத்தால் கார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அம்மா போகும் முன் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு ஏணைக் கயிறும் மண்தரையும்தான் விளையாட்டுச் சாமான்.

அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பொம்மை வாங்கக் காசில்லாததால்தான் பையன் டின்னை இழுத்தான். பிறந்தநாள் என்பது பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் ஒரு தேதி. தீபாவளிச் சட்டைதான் ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பரிசு. இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பேரப்பிள்ளைகள் புக்கிட் கட்டிலிலும் பத்து பெரெண்டாமிலும் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வளர்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பொம்மை வாங்கிக் கொடுக்க முடிகிறது என்றால் சந்தோஷம்தான். ஆனால் அந்த டின்னிடமும் கொட்டையிடமும் நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவை தாமாக எதுவும் செய்யாது. ஓட்டுவதும் கத்துவதும் கதை சொல்வதும் பையனுடைய வேலை.

குழந்தை மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் பொம்மை வாங்குவது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்டை, களிமண், பொம்மை, புத்தகம், பந்து மாதிரி எளிய சாமான்களே நல்லவை, பேசுகிற மின்னும் எந்திரங்கள் வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டில் ஒஹாயோவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றும் வந்தது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை ஒரு முறை நான்கு பொம்மைகளோடும் இன்னொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கே பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் நம் பாலர் பள்ளிப் பையன்களைவிடச் சின்னவர்கள்தான். இருந்தாலும் பத்துப் பரிசைப் பிரித்த மறுநாள் காலை நம் வீட்டுக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சரி, என்ன வாங்கலாம்? கண்ணை மூடிக்கொண்டு சொல்வதென்றால் பந்து. கால்பந்தில் மூன்றாம் சைஸ் சின்னப் பையன்களுக்கானது. கடையில் அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடிக்கொண்டிருக்க வேண்டும், திரைக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. நம் வீடுகளில் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு விட்டால் பையன் அழுவான். கையில் பந்தைக் கொடுத்துவிட்டு வாங்கிப் பாருங்கள்.

குடும்பமாகச் சேர்ந்து வாங்குவதானால் சைக்கிள். வளர்வானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். சட்டைக்கு அது சரி, சைக்கிளுக்குச் சரிவராது. இருக்கையில் உட்கார்ந்தால் கால் தரையில் பட வேண்டும். கூடவே தலைக்கவசம். செம்பனை லோரி போகிற பாதையில் ஓட்டவே விடாதீர்கள்.

அடுத்தது கைவேலைச் சாமான்: பிளாஸ்டிசின் களிமண், தடித்த கிரையான், நுனி மழுங்கிய கத்தரிக்கோல். முதலாம் ஆண்டுக்குப் போய்ப் பென்சில் பிடிக்கப்போகும் விரலுக்கு இவைதான் கசரத்து. எழுத்து எழுதச் சொல்லி அடிப்பதைவிட, களிமண்ணில் ரொட்டி சானாய் வீசச் சொல்லுங்கள். மாமாக் கடையில் மாவு வீசுகிறவரை வாய் பிளந்து பார்க்காத பையன் நம் நாட்டில் உண்டா?

இதையொட்டி ஒரு வார்த்தை. ஆண் பிள்ளைக்குச் சமையல் செட்டா என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் அண்டா வைத்துக் கிண்டுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால் போதும். பையன் பீகூன் பிரட்டுவான், தேத்தண்ணி இழுப்பான், பாட்டிக்குப் பரிமாறிவிட்டுக் காசும் கேட்பான். அந்த ஒரு விளையாட்டில் பேச்சும் கணக்கும் மரியாதையும் சேர்ந்து வருகிறது. சைரன் அடிக்கிற காரில் அது வராது.

சத்தம் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பையனுக்குச் சின்ன மேளம் வாங்கிக் கொடுங்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் உறுமி மேளத்தின் பின்னாலேயே போய்க் காணாமல் போகிற பையன்களை எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது.

புத்தகம் வாங்கிக் கொடுத்தால் யார் சீந்துகிறார்கள் என்பார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் சீந்த மாட்டான்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துக் காட்டினால், நீங்கள் செருப்பு மாட்டும்வரை "இன்னொரு தடவை" என்று விடாமல் வருவான். நம் ஊர்க் கடைகளில் தமிழ்ப் படக்கதை எளிதில் கிடைக்காது என்பது உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக உள்ளன. இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அச்சுக்கடையில் வண்ணத்தில் எடுத்துச் சுருள்கம்பி போட்டுக் கட்டினால் புத்தகம் தயார். முதல் பக்கத்தில் பையனுடைய பெயரை எழுதிக் கொடுங்கள்.

பெட்டியே இல்லாத பரிசும் உண்டு. ரயில் பைத்தியம் பிடித்த பையனா? மலாக்காப் பட்டணத்துக்கு இன்று ரயில் கிடையாது. தம்பினிலிருந்து ஓடிய கிளைப் பாதையைப் போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் பிடுங்கிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டத்து ஆட்களையும் அதே பாதைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மாநில எல்லையில் புலாவ் செபாங் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கொமியூட்டரில் ஏறினால் ரெம்பாவ், சுங்கை காடுட், செனாவாங், சிரம்பான். இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். வீட்டுக்கு வந்த பையன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இந்த நிலையங்களை ஒவ்வொன்றாகக் கூவுவான். தம்பியையும் பாட்டியையும் ஏற்றி இறக்குவான். ஜன்னலோரம் தாத்தாவோடு உட்கார்ந்து போன ஒரு பயணத்துக்கு ஈடாகும் பொம்மை ரயில் எந்தப் பேரங்காடியிலும் இல்லை. விலங்குப் பிரியனா, ஆயர் குரோ மிருகக்காட்சிசாலை இருக்கிறது.

இனி வேண்டாதவை. முதலில் துப்பாக்கி. தண்ணீர்த் துப்பாக்கியைச் சொல்லவில்லை, அது நீச்சல்குளத்தோடு போகட்டும். ஜெல் குண்டு சுடுகிற, அசல்போலவே தெரிகிற துப்பாக்கி வேண்டாம். கண் போகும் என்பது ஒரு பக்கம். போலி ஆயுதம் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் சிக்கலில் மாட்டிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

அடுத்தது பொத்தான் பேட்டரி. மின்னுகிற, பாடுகிற சின்னச் சாமான்களிலெல்லாம் இருக்கிறது. விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை எரித்துவிடும். மூடியில் திருகாணி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் திறக்க வந்தால் வாங்காதீர்கள். குட்டிக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகள் வயிற்றுக்குள்ளும் ஊறும். விருந்து முடிந்து தரையில் கிடக்கும் கிழிந்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள், மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும்.

பையனுக்கு நாலு வயசு என்றாலும், வீட்டில் தவழ்கிற தங்கச்சி இருக்கலாம். பரிசு அவனுக்கு, வாய் அவளுக்கு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையைப் பரிசோதிக்க ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக நுழைகிற துண்டு எதுவும் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்து. வீட்டில் டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாயை வைத்து இதைச் சோதித்துக்கொள்ளலாம். அது கொஞ்சம் அகலம்தான், பாதகமில்லை.

பணமாகக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. தாத்தா பாட்டி பேரன் பெயரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் போட்டு வைப்பது ரொம்ப நல்லது. ஆனால் நாலு வயசுப் பையனுக்குச் சேமிப்புக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. கூடவே ஒரு பந்தையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

வாங்கக் கிளம்பும் முன் பையனுடைய அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன வேண்டவே வேண்டாம் என்று அவருக்குத்தான் தெரியும். கடையில் பெட்டியைத் திருப்பி எம்சி (MC) பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் விற்கும் விளையாட்டுச் சாமானில் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். பாசார் மாலாமில் வாங்கினாலும் சரி, பேரங்காடியில் வாங்கினாலும் சரி, முத்திரை இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.