பிள்ளைகள் எங்கே என்று கேட்டால்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியே இருக்கும் அம்மாமார் என்னிடம் வந்து "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. "நெஞ்செரியுது, நித்திரை இல்லை" என்பார்கள். முதலில் இருதயத்தைப் பரிசோதிப்பேன். அதை ஒருபோதும் விடக்கூடாது. அதில் ஒன்றும் இல்லையென்றால், பிள்ளைகள் எங்கே என்று கேட்பேன். ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று அப்போதுதான் கதை வெளிவரும்.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணிசெய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், எங்கள் காயம் தனியாளுடையது மட்டுமல்ல, குடும்பத்தினதும் ஊரினதும் என்று எழுதினார். ஆகவே நான் குடும்பத்தையும் கூப்பிடுவேன், தொலைவில் இருந்தால் வீடியோவில். ஆனால் மகளையும் மருமகளையும் பிறகு தனியே சந்திப்பேன். எல்லாரும் இருக்கும்போது வாய்திறக்காதவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

தமிழ் தெரியாத பேத்தியோடு என்ன கதைப்பது என்று கேட்கிறார்கள். "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாதீர்கள். 1983 ஜூலையில் எந்த வீட்டை விட்டு ஓடினீர்கள், யார் ஒளித்து வைத்தார்கள் என்று சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலம் போதும். இருட்டுமுன் வீட்டுக்கு வா என்று அவளுடைய அப்பா கத்துவதை அவள் வெறும் கண்டிப்பு என்றே நினைத்திருக்கிறாள். அது எங்கிருந்து வந்த பயம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.