ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போர்நிறுத்தம்

இந்த எபிசோட் கொஞ்சம் வீட்டுக் கதையோட ஆரம்பிக்குது.

எங்க அம்மா மாமல்லபுரம் பக்கத்துல அங்கன்வாடி பணியாளரா இருந்தவங்க. போலியோ முகாம்னா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க. லீவு நாள்ங்கறதால நானும் கூட போவேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி, அதுக்குள்ள மருந்துக் குப்பி. சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கு இடது சுண்டு விரல்ல மை வைக்கிறது என் வேலை. பெட்டியை மட்டும் சும்மா திறக்கக் கூடாது, திட்டு விழும்.

காரணம் இருக்கு. குப்பி மேல ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள வெளிர் நிறத்துல ஒரு சதுரம் இருக்கும். சூடு பட பட சதுரம் கறுத்துக்கிட்டே வரும். வட்டத்தோட நிறத்தைத் தொட்டுட்டா மருந்து வீண், தூக்கிப் போட வேண்டியதுதான். ஈசிஆர் வெயில்ல அம்மா கண்ணு குழந்தையை விட அந்தச் சதுரத்து மேலதான் இருக்கும்.

இந்தியாவுல பல்ஸ் போலியோ தொடங்கினது 1995 டிசம்பர்ல. அதே வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலயும் தேசிய போலியோ நாள்களைத் தொடங்கினாங்க. யாழ்ப்பாணத்தையே காலி பண்ணிட்டு லட்சக்கணக்கான மக்கள் வெளியேறின வருஷமும் அதுதான். அந்த நிலைமையிலயும் சொட்டு மருந்து நாளுக்காக அரசும் புலிகளும் சண்டையை நிறுத்த ஒத்துக்கிட்டாங்க. ‘அமைதி நாள்கள்’னு அதுக்குப் பேர். இந்த யோசனை 1985-ல எல் சால்வடார்ல பிறந்தது. யூனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் நடுவுல நின்னு பேசி, மூணு ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டுப் போரை நிறுத்தி வெச்சாங்க.

கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா எனக்கு ஒரு உறுத்தல். ஒரு நாள் நிறுத்தினா யாரும் ஒரு அடி நிலத்தைக்கூட இழக்கப் போறதில்ல. அதனாலதான் ரெண்டு பக்கமும் ஒத்துக்க முடியுதுன்னு நினைக்கிறேன். அதுவும் ஊசியோட வர்றவங்க ஊசிக்காக மட்டுமே வர்றாங்கன்னு நம்புற வரைக்கும்தான். பாகிஸ்தான்ல ஒசாமா பின் லேடனைத் தேடுறதுக்காக சிஐஏ ஒரு போலித் தடுப்பூசி முகாமை நடத்துச்சு. 2011-ல அது வெளிய வந்துச்சு. அடுத்த வருஷமே வஜிரிஸ்தான்ல தாலிபான்கள் போலியோ முகாம்களுக்குத் தடை போட்டாங்க. டிசம்பர்ல போலியோ பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதுல நிறைய பேர் பெண்கள், எங்க அம்மா மாதிரி பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போனவங்க. இனிமே தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம்னு அமெரிக்கா சொன்னது 2014-ல.

(போர் இருந்தாதான் சிக்கல்னு இல்ல. நம்ம செங்கல்பட்டு திருமணியில 100 ஏக்கர்ல ஒரு தடுப்பூசி வளாகம் கட்டி வெச்சிருக்காங்க. 2021-ல கோவிட் இரண்டாம் அலையில ஊரே ஊசிக்கு வரிசையில நின்னப்போ, அங்கிருந்து ஒரு டோஸ்கூட வரல.)

2024 ஆகஸ்ட்ல காசாவுல பத்து மாசக் குழந்தை ஒண்ணுக்குப் போலியோ உறுதியாச்சு. அங்க 25 வருஷத்துக்கு அப்புறம் முதல் முறை. செப்டம்பர்ல பகுதி பகுதியா சில மணி நேரம் சண்டையை நிறுத்தி, முதல் சுற்றுல அஞ்சரை லட்சத்துக்கும் மேல குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட்டாங்க. நேரம் முடிஞ்சதும் திரும்பக் குண்டு விழுந்துச்சு. போலியோவுல இருந்து காப்பாத்தின அதே குழந்தைங்க மேல. இதை வெற்றின்னு சொல்லவா வேணாமான்னு எனக்கு இன்னும் குழப்பம்தான்.

அந்தச் செய்தியை அம்மாகிட்ட காட்டினேன். போரைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. “கரண்ட் இல்லாத ஊர்ல ஐஸுக்கு என்னடா பண்ணாங்க?”ன்னாங்க. மருந்தோட சேர்த்து குளிர்ப்பெட்டி, ஃப்ரிட்ஜ் எல்லாமே வெளியில இருந்துதான் உள்ள போச்சும்மான்னு சொன்னேன். போனை வாங்கி போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தாங்க. ஒரு சின்னப் பொண்ணு மை வெச்ச விரலைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு.

“நகத்துல சரியா படல பாரு”ன்னாங்க.